ஆடியோ செத்திருந்த பதினொரு நாள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் இங்கே நல்ல சுகம். சுகம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன், கண்ணில் பட்டதா? பட்டிருந்தால் சரி. நீயும் மருமகளும் குட்டிப்பயலும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். குளிர் ஆரம்பித்திருக்குமே, காதை மூடுகிற தொப்பி இல்லாமல் பயலை வெளியே கூட்டிக்கொண்டு போகாதே. வாராவாரம் போனில் பேசுகிறவள் திடீரென்று பேனாவை எடுத்துவிட்டாளே என்று பார்க்கிறாயா? போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கும்மா" என்று நழுவிவிடுவாய். கடிதத்தில் அந்தப் பாச்சா பலிக்காது. உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி. பாதியில் நிறுத்திவிட்டு அக்காவுக்குப் போன் போடாதே, அதற்கான காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது.

போன மாதம் நம் கார் இரண்டாவது தடவையாகப் பேட்டரி செத்து நின்றது உனக்குத் தெரியும். அன்றைக்கு நீயும் அக்காவும் போனில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தீர்களாம். அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது, சாவியை வாங்கி வைத்துவிடு, காரை விற்றுவிடலாம், ஒரு டாக்டரிடமும் காட்டிவிடலாம். இதில் சாவி அக்காவின் யோசனை, மற்ற இரண்டும் உன்னுடையவை. எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நினைவாற்றல் கிளினிக்கிலிருந்து ஒரு பெண் போன் செய்து, வியாழக்கிழமை வருவீர்கள்தானே, பேசுவது நோயாளியா கூட வருகிறவரா என்று கேட்டாள். எந்த நோயாளி என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் என் பெயரைச் சொன்னாள். கையில் தோல் சீவின உருளைக்கிழங்கோடு அப்படியே நின்றேன். பெற்று வளர்த்த இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் எனக்கே நாள் குறித்திருக்கிறீர்கள். அக்காவைப் பிடித்து உலுக்கியதில் மீதி எல்லாம் வந்தது. அவள் பொய் சொன்னால் காது நுனி சிவக்கும், அன்றைக்குச் சிவக்கவில்லை.

சரி, என்மேல் என்ன குற்றம்? முதல் தடவை, நாங்கள் அக்கா வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டு அவள் காரிலேயே திரும்பி வந்தோம், மறுநாள் காலை நம் வண்டி முனகக்கூட இல்லை. கதவைச் சரியாகச் சாத்தியிருக்க மாட்டேன், உள்விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார். இருக்கலாம் என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை, அப்பாவுக்குக் காய்ச்சல், நாலு நாள் வண்டியை எடுக்கவில்லை, ஐந்தாம் நாள் மறுபடியும் அதே கதை. இந்த முறை ஹெட்லைட்டை அணைக்காமல் விட்டுவிட்டேனாம். ஹெட்லைட் சுவிட்ச் அணைந்துதானே இருக்கிறது, கண்ணால் பாருங்கள் என்று சொன்னேன். அதற்கு மாப்பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா, "அப்புறமா ஞாபகம் வந்து நீங்களே வந்து அணைச்சிருப்பீங்க அத்தை, அது உங்களுக்கு மறந்திருக்கும்" என்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. விளக்கு எரிந்தால் மறதி, அணைந்திருந்தால் அணைத்ததையே மறந்த மறதி. இப்படி ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டால் எந்த மனுஷிதான் வெளியே வர முடியும்? அன்றைக்கு அவர்தான் தன் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு நம் வண்டியைக் கிளப்பினார், ஒரு மணி நேரம் ஓட்டி சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்தினார், நிறுத்திவிட்டுச் சாவியை என்னிடம் தராமல் அக்காவின் கைப்பையில் போட்டார். ஆடியோ அதற்கப்புறம் பேசவில்லை. போன லீவில் நீ வண்டியில் மாட்டிவிட்டுப் போன ஆம்ப்ளிஃபயரில் சத்தமாகப் பாட்டுக் கேட்டுப் பழகிப்போன உன் அப்பாவுக்கு அதுதான் பெரிய துக்கம். என் சாவி போனது அவருக்கு இரண்டாம்பட்சம்.

அதற்கப்புறம் பதினொரு நாள். கேள், நன்றாகக் கேள். அப்பாவின் ஆபரேஷன் செய்த முழங்காலுக்கு வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி, அதற்கு நான்தானே வண்டி ஓட்டிக் கூட்டிப்போவேன். இப்போது அக்காவுக்கு நேரம் இருந்தால் பயிற்சி, அவளுக்கு ஆபீசில் வேலை இழுத்தால் பயிற்சி இல்லை. மூன்று முறை தவறிப்போனது. மடங்கிக்கொண்டிருந்த கால் மறுபடியும் மரக்கட்டையாகிவிட்டது, படிக்கட்டில் அவர் பக்கவாட்டாக ஏறுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அவர் வாயைத் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. அவர் எப்போது எதற்கு வாயைத் திறந்திருக்கிறார், அது வேறு விஷயம்.

ஆனால் என் கோபம் காலுக்காக மட்டும் இல்லை. அந்தப் பதினொரு நாளும் நானும் உங்களை நம்பினேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மூன்று பேர் சேர்ந்து சொல்கிறார்களே, படித்த பிள்ளைகள், உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். ஒரு நோட்டு வாங்கி, காலையில் என்ன சாப்பிட்டேன், யார் வந்தார்கள், எந்த மாத்திரை போட்டேன் என்று எழுத ஆரம்பித்தேன். அடுத்த வீட்டுக்காரி பெயர் ஒரு நிமிஷம் நாக்கில் வராமல் போனதற்கு, உட்கார்ந்து அழுதேன். ஒரு நாள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு எல்லாம் மறந்துபோனால் என்னைத் திட்டாமல் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இத்தனை வருஷமா நான் செஞ்ச தப்பு ஒண்ணைக்கூட நீ மறக்கல, இனிமேலா மறக்கப்போற?" என்றார். சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள்ளே பயம் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை அக்கா ஒரு பழைய கார் வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார், வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. இஞ்சின் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். ஆடியோவை அழுத்தினார், ஊமை. முகம் சுருங்கிவிட்டது. மின்சார வேலையில் கோளாறு இருக்கும் போலிருக்கிறது, சரிசெய்து வையுங்கள், அப்புறம் பேசலாம் என்று போய்விட்டார். அக்கா என்னையும் ஏற்றிக்கொண்டு ஆடியோக் கடைக்கு விட்டாள். அந்தக் கடைக்காரர், ஒரு நல்ல ஆள் மாதிரிதான் இருந்தார், கையிலிருந்த செல்போனைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்து, "பேட்டரி செத்தப்போ செட்டும் சேர்ந்து போயிருக்கும்மா, புதுசு போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டார். மீட்டர் வைக்கவில்லை. ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு வந்ததே கோபம்! டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்க்கிற பிரிவில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள்டா உன் அம்மா. போன் செத்துவிட்டது என்று ஊரே கத்தும், மந்திரி வீட்டிலிருந்துகூடக் கத்துவார்கள், லைனை அளந்து பார்க்காமல் ஒரு நாளும் செத்தது என்று பதிவேட்டில் எழுதியதில்லை. அளக்காமல் எப்படிச் சாவு அறிவிப்பீர்கள் என்று கடை அதிரக் கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு பத்து ஆம்பியர் ஃபியூஸ் மட்டும் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன், அவரும் சிரித்துக்கொண்டே, போட்டுத்தான் பாருங்களேன் என்று கொடுத்தார்.

அக்கா ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை வாசலில் விட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன், அதுவரை உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொள், ஓட்டாதே என்று சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல் சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். செட்டைக் கழற்றுவதற்கென்று நீ வண்டிக்குள் விட்டுப்போயிருந்த தகட்டுச் சாவிகள் இரண்டையும் செருகிச் செட்டை வெளியே இழுத்தேன். முதுகில் மஞ்சள் வயரில் இருந்த ஃபியூஸ் கருகியிருந்தது. புதியதைப் போட்டேன். செட்டில் விளக்கு எரிந்தது! பாட்டும் வந்தது. கடிகாரம் மட்டும் பன்னிரண்டில் நின்று மினுக்கிக்கொண்டிருந்தது, நீ பதிந்துவைத்த ஸ்டேஷன்கள் ஒன்றுகூட இல்லை. பார்த்தாயா, ஞாபகம் போனது செட்டுக்குத்தான், எனக்கில்லை. உன் அப்பா வீட்டுக்குள்ளிருந்தே, பாட்டைக் கூட்டி வை என்று குரல் கொடுத்தார். இரண்டு பாட்டுக் கேட்டோம். அப்புறம் எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனோம்.

இனிமேல்தான் விஷயம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, கீழே விழுந்த திருகு ஒன்றைத் தேடி சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். நீ வைத்துப்போன ஆம்ப்ளிஃபயர் பெட்டி, இஸ்திரி போட்டுக் கீழே வைத்த சட்டை மாதிரி சூடாக இருந்தது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. வண்டி அணைந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. பாட்டு இல்லை. பெட்டி எதற்குச் சூடாக இருக்கிறது? அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் காலையில் நடந்தது மண்டையில் உறைத்தது. மூன்று நாளும் நாலு நாளும் சும்மா நின்றதற்கே செத்துப்போன பேட்டரி, பதினொரு நாள் நின்றுவிட்டு ஒரே திருப்பில் எப்படிக் கிளம்பியது? அந்தப் பதினொரு நாளில் என்ன மாறியிருந்தது? ஆடியோ செத்திருந்தது. அது ஒன்றுதான்.

அப்பாவைக் கூப்பிட்டேன். பரண்மேல் கிடந்த என் பழைய மீட்டரைத் தூசி தட்டி எடுத்தேன், புது செல் போட்டேன். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தேன், உள்விளக்கின்மேல் பழி வரக்கூடாது என்று கதவுச் சுவிட்சை அழுத்தி டேப் ஒட்டினேன். எண்ணைப் படிக்கிற வேலை அப்பாவுக்கு. அவருக்கு ஒரு பல்பு மாற்றத் தெரியாது, ஆனால் முப்பது வருஷம் அச்சாபீசில் பிழை திருத்தியவர், எழுத்தோ எண்ணோ ஒரு புள்ளியை விடமாட்டார். "புள்ளி ஆறு இரண்டு" என்றார். வண்டி தூங்கும்போது குடிக்க வேண்டியதைப்போல் இருபது மடங்கு. ஆடியோவை விட்டுவிட்டு மற்ற ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், எண் அசையவில்லை. ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற தடித்த வயரின் ஃபியூஸைப் பிடுங்கினேன். "புள்ளி சைபர் மூன்று" என்று கத்தினார். மறுபடி போட்டேன், ஆறு இரண்டு. பிடுங்கினேன், சைபர் மூன்று. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்பா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒப்பித்தார்.

பெட்டியிலிருந்து வருகிற மெல்லிய வயர் ஒன்று இருக்கிறதே, செட் எரிந்தால் நீயும் எழுந்திரு, செட் அணைந்தால் நீயும் தூங்கு என்று பெட்டிக்குச் சொல்கிற வயர், அதைக் கால்மிதிக்கு அடியில் தடவிக்கொண்டே போனேன். செட்டின் நீல வயரில் சேர்ந்திருக்க வேண்டியது, மஞ்சள் வயரில், செட்டின் ஃபியூஸைத் தாண்டி, முறுக்கியிருந்தது. மஞ்சள் என்றால் சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் மின்சாரம் ஓடுகிற வயர். அதனால் உன் பெட்டி ராப்பகலாகக் கண்விழித்துக்கொண்டு பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் தினம் வண்டி எடுத்தவரைக்கும் குடித்தது ஈடாகிவிட்டது, மூன்று நாலு நாள் நிறுத்தியபோது காலியாகிவிட்டது. செட்டின் ஃபியூஸ் கருகியதும் மஞ்சள் வயரும் செத்தது, பெட்டி பதினொரு நாளும் தூங்கியது, பேட்டரி பிழைத்தது. யார் செய்த வேலை இது என்று அந்த முறுக்கின்மேல் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்தேன். டேப்பின் நுனி உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது. அடுத்தவர் பிரிக்க வசதியாக நுனியை மடித்து விடு என்று எட்டு வயதில் உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. ஏழு மாதத்துக்கு முன்னால், விமானத்துக்குப் போக இரண்டு மணி நேரம் இருக்கும்போது, சத்தம் வரவில்லை சத்தம் வரவில்லை என்று வியர்த்து வழிந்து, எந்த வயரிலோ தொட்டதும் பாட்டு வந்துவிட்டது. "வந்துடுச்சும்மா!" என்று கத்திவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாயே, அந்தக் கை வேலைதான்டா இது. நீ முறுக்கிவிட்டுப் போன வயருக்கு என் மூளையைக் கூண்டில் ஏற்றிவிட்டாய்!

இன்னும் ஒன்று கேள், இதுதான் எனக்கே என்மேல் கோபம். எக்ஸ்சேஞ்சில் எந்தப் பழுது வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, கடைசியாக இதில் யார் கை வைத்தது? அதைக் கேட்டுவிட்டுத்தான் மீட்டரையே தொடுவேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லுவேன். முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது இந்த ஒரு தடவைதான். ஏன் விட்டேன் தெரியுமா? கடைசியாகக் கை வைத்தது நீ. என் பிள்ளை செய்த வேலையில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் தலையில் பிழை இருக்கும் என்று நம்பினேன், உன் கையில் இருக்கும் என்று நம்பவில்லை. நீயோ ஒரு நொடி யோசிக்காமல் என்னைத்தான் சந்தேகப்பட்டாய்.

சாயங்காலம் அக்காவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மீட்டரைக் கையில் கொடுத்து ஃபியூஸைப் போட்டுப் போட்டுக் கழற்றிக் காட்டினேன். அக்கா அழுதுவிட்டாள். மாப்பிள்ளை நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். செட்டு ஃபியூஸ் எப்படிக் கருகியது, அதையும் சொல்லிவிடுங்கள் என்றேன். ஜம்பர் கேபிளை முதலில் முனை மாற்றிப் போட்டுவிட்டாராம், பொறி பறந்ததாம், சட்டென்று எடுத்துவிட்டாராம், சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம். சப்பைக்கட்டு! அவர் மறைத்தது மரியாதை, நான் செய்யாதது மறதி. ஆனால் அந்த மனுஷர் முனை மாற்றிப் போட்டிருக்காவிட்டால் ஆடியோ செத்திருக்காது, பேட்டரி மூன்றாவது தடவையும் செத்திருக்கும், நான் இந்நேரம் அந்தக் கிளினிக்கில் உட்கார்ந்து மறதி சோதனைக்குக் கடிகாரம் வரைந்து காட்டிக்கொண்டிருப்பேன். அதனால் அவரை அதிகம் திட்டவில்லை, டீ போட்டுக் கொடுத்தேன். நான் திருப்பி நீட்டிய சாவியை அக்கா கொண்டுபோகாமல் தானாகவே மேஜைமேல் வைத்துவிட்டாள். கிளினிக்குக்கு நானே போன் செய்து வியாழக்கிழமையை ரத்து செய்தேன். என்ன காரணம் என்று எழுதிக்கொள்வது என்று அந்தப் பெண் கேட்டாள். "பழுது வேற இடத்துல இருந்ததும்மா" என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இப்போது கார் விற்பனைக்கு இல்லை. அப்பாவின் கால் இந்த வாரம் மூன்று தடவையும் பயிற்சிக்குப் போய்விட்டது, அரை அங்குலம் கூடுதலாக மடங்குகிறது என்று அந்தப் பயிற்சிக்காரப் பெண் சொன்னாள். உன் பெட்டியின் ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டேன், பெட்டி இல்லாமல் செட்டில் சத்தம் வராது. அந்த மெல்லிய வயரைப் பிரித்து நீல வயரில் சேர்க்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும், சேர்க்க மாட்டேன். முனையில் டேப் சுற்றி, நுனியை மடித்து விட்டிருக்கிறேன். நீ லீவில் வந்து உன் கையாலே பிரித்து உன் கையாலே சேர்க்க வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதுவரைக்கும் வண்டியில் பாட்டு இல்லாத குறையைத் தீர்க்க உன் அப்பா தானே பாடிக்கொண்டு வருகிறார். அதற்காகவாவது சீக்கிரம் வா.

ஒரு நாள் எனக்கு உண்மையாகவே மறதி வரலாம். வராது என்று நான் சத்தியம் செய்யவில்லை, அறுபத்தாறு வயதாகிறது. வந்தால் முதலில் என் முகத்தைப் பார்த்து என்னிடம் சொல்லுங்கள். நான் தாங்குவேன். நீங்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை, ஆனால் நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த வேலை எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், மருமகளும் பயலும் உன்னோடு சிரித்துக்கொண்டு நூறு வயது இருக்க வேண்டும். இதை வாயால் திட்டிக்கொண்டே மனசால் சொல்கிறேன், இரண்டும் என்னால் முடியும். தொப்பியை மறக்காதே. கடைசியாக ஒன்று. இந்த இரண்டு மாதமாக வாராவாரம் என்னோடு பேசிவிட்டு, அம்மா எப்படி இருக்கிறாள் என்று அக்காவிடமே கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு லைன் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்துக் கேட்க மாட்டோம், அந்த நம்பருக்கே அடித்துப் பார்ப்போம். எனக்கு அடி. முதல் மணியிலேயே எடுப்பேன்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதும்,
உன் அம்மா